போன வருஷத்துப் படம்

ஒவ்வொரு டிசம்பரிலும் தவறாமல் நடக்கும் ஒரு விஷயம் உண்டு. பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் இணையதளங்களும் "இந்த ஆண்டில் ரசிகர்களுக்குப் பிடித்த பத்துப் படங்கள்" என்று ஒரு பட்டியல் போடும். முதலிடம் எந்தப் படத்துக்கு என்று நண்பர்களுக்குள் சண்டை நடக்கும். ஜனவரி பிறந்து பொங்கல் படங்கள் வந்ததும் பட்டியலும் மறந்து போகும், சண்டையும் மறந்து போகும்.

ஆனால் இந்தச் சண்டையில் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. "ரசிகர்கள்" என்றால் யார்? எந்த ஊர் ரசிகர்கள்? அவர்களுக்குப் பிடித்தது என்பதை யார், எதை வைத்து அளந்தார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் பொருத்தமான இடம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவில் இருக்கும் ஊர். பெரிய நகரங்களின் விளக்கு வெளிச்சம் எட்டாத இருட்டு வேண்டும் என்பதற்காகவே வானியலாளர் வைணு பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1968 முதல் அங்கே தொலைநோக்கிகள் இயங்கி வருகின்றன. அந்தத் தொலைநோக்கியில் தெரிவது நட்சத்திரத்தின் இன்றைய ஒளி அல்ல, எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பு அங்கிருந்து கிளம்பிய ஒளி என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்த பாடம்தான்.

சினிமா நட்சத்திரங்களின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது! சென்னையில் தீபாவளிக்கு வெளியான படம், மலையடிவாரத்துக் கொட்டகைக்கு வந்து சேரும்போது அடுத்த தீபாவளியே வந்துவிடும். சென்னைக்காரருக்குப் போன வருஷத்துப் படம், கிராமத்துக்காரருக்குப் புதுப்படம். அப்படியானால் ஒரு படம் எந்த ஆண்டின் படம்? தமிழ் சினிமாவின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் இதற்குச் சுவையான பதில்கள் கிடைக்கின்றன.

படம் ஊரைத் தேடி வந்த காலம்

தமிழ்நாட்டில் சினிமா முதலில் கட்டடத்துக்குள் பிறக்கவில்லை, கூடாரத்துக்குள்தான் வளர்ந்தது. திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில துண்டுப் படங்களையும் வாங்கினார். ஏசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் படமும் அவற்றில் ஒன்று. வேலையை விட்டுவிட்டு, கருவியையும் கூடாரத்தையும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டினார். பிறகு 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் திரையரங்கையும் கட்டினார்.

அந்தக் காலத்தில் "ரிலீஸ் தேதி" என்ற பேச்சே கிடையாது. எந்த ஊரில் என்றைக்குக் கூடாரம் போடுகிறார்களோ, அன்றைக்கு அந்த ஊருக்கு அது புதுப்படம். மக்கள் அசையும் படத்தைப் பார்த்ததே அதிசயம். அது எந்த வருஷத்துப் படம் என்று கேட்க அவர்களுக்கு நேரம் இல்லை.

31 அக்டோபர் 1931 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் திரையரங்கில் "காளிதாஸ்" வெளியானது. தமிழின் முதல் பேசும் படம் என்று கொண்டாடப்படும் அதில், கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார்! அதற்காக யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. படம் பேசுகிறது என்பதே போதுமானதாக இருந்தது. ஆனால் அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் மக்கள் தேர்ந்தெடுக்கப் பழகிவிட்டார்கள். பாட்டுக்காக ஒரு படம், வசனத்துக்காக ஒரு படம் என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். எந்தப் படம் பிடித்தது என்பதற்கு ஓர் அளவுகோலும் பிறந்தது. அதுதான் நாள் கணக்கு.

மூன்று தீபாவளி கண்ட படம்

நாள் கணக்கைப் பற்றிப் பேசினால் "ஹரிதாஸ்" படத்தைத் தாண்டிப் போக முடியாது. எம். கே. தியாகராஜ பாகவதர், டி. ஆர். ராஜகுமாரி, என். எஸ். கிருஷ்ணன், டி. ஏ. மதுரம் நடித்த இந்தப் படம் 1944 தீபாவளிக்கு வெளியானது. சென்னை பிராட்வே திரையரங்கில் 1944, 1945, 1946 என்று மூன்று தீபாவளிகளைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கியது. அதாவது இரண்டு வருஷத்துக்கும் மேல் ஒரே அரங்கில் ஒரே படம்!

இதற்குப் பாகவதரின் குரல் முக்கியக் காரணம். ஆனால் அது மட்டும் காரணம் அல்ல. அது இரண்டாம் உலகப் போர்க்காலம். கச்சா பிலிமுக்குக் கடுமையான தட்டுப்பாடு. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசாங்கமே கட்டுப்பாடு வைத்திருந்தது. புதுப்படங்கள் குறைவாக வந்ததால், வந்த நல்ல படம் நின்று ஓடியது.

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. படம் வெளியாகிச் சில வாரங்களிலேயே, 1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை செய்யப்பட்டார். அந்த வழக்கில் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார்கள். 1945-ல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947-ல்தான் இருவரும் விடுதலை ஆனார்கள். கதாநாயகன் சிறையில் இருக்க, அவருடைய படம் திரையில் ஓடிக்கொண்டே இருந்தது. பெற்றோரை மதிக்காத ஒரு மகன், தண்டனை அனுபவித்துத் திருந்துவதுதான் படத்தின் கதை என்பது குறிப்பிடத்தக்கது.

விடுதலை ஆகி வந்த பாகவதர் நடித்த "ராஜமுக்தி" 1948-ல் வெளியாகித் தோல்வி அடைந்தது. "ஹரிதாஸ்" படத்தை இரண்டு வருஷம் ஓட வைத்த அதே மக்கள்தான், அதே குரலைக் கேட்க இந்த முறை வரவில்லை. அதற்குள் காலம் மாறியிருந்தது. வசனம் பேசும் படங்களின் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. 1952 தீபாவளிக்கு "பராசக்தி" வந்தபோது, பாட்டுப் புத்தகத்தோடு வசனப் புத்தகமும் விற்கும் காலம் வந்துவிட்டது.

பெட்டி வந்தாச்சா?

50 நாள், 100 நாள், 25 வாரம் ஓடினால் வெள்ளி விழா என்ற கணக்கெல்லாம் பெரும்பாலும் நகரத்துத் திரையரங்குகளின் கணக்கு. கிராமத்தில் ஒரு படம் 100 நாள் ஓட வழியே இல்லை. ஏன் என்று புரிந்துகொள்ள, அந்தக் காலத்தில் படம் எப்படிப் பயணம் செய்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

35 மி.மீ. பிலிம் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடி கொண்ட ஒரு ரீல் பதினோரு நிமிடம் வரும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் பதினான்கு ரீல் அளவுக்கு வரும். இவற்றைத் தகரப் பெட்டிகளில் அடைத்துத்தான் ஊர் ஊராக அனுப்புவார்கள். இதற்குத்தான் படப்பெட்டி என்று பெயர். ஒரு பிரதி போடுவதற்கே நிறையச் செலவாகும் என்பதால், ஒரு படத்துக்குச் சில பத்துப் பிரதிகள்தான் போடுவார்கள்.

தமிழ்நாட்டை சென்னை, என்.எஸ்.சி., கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருநெல்வேலி என்று ஏரியாக்களாகப் பிரித்து விநியோகஸ்தர்கள் படத்தை வாங்குவார்கள். என்.எஸ்.சி. என்றால் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு. காவலூர் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. மாவட்டங்கள் பல துண்டுகளாகி, 2019-ல் திருப்பத்தூர் தனி மாவட்டமான பிறகும் சினிமா வியாபாரத்தில் பழைய பெயர்கள் போகவில்லை.

ஒவ்வொரு ஏரியாவுக்குள்ளும் மூன்று படிகள் உண்டு. பெரிய நகரங்கள் ஏ சென்டர். நடுத்தர ஊர்கள் பி சென்டர். கிராமத்து டூரிங் டாக்கீஸ்கள் சி சென்டர். பெட்டி முதலில் ஏ சென்டருக்குப் போகும். அங்கே கூட்டம் குறைந்த பிறகு பி சென்டர். அங்கும் ஓடி முடித்த பிறகுதான் சி சென்டர். ஒரு படம் நகரத்தில் வெள்ளி விழா கொண்டாடினால் கிராமத்துக்காரர்கள் இன்னும் அதிக நாள் காத்திருக்க வேண்டும் என்று அர்த்தம்! தோற்ற படம்தான் சீக்கிரம் வந்து சேரும்.

அப்படி வந்து சேரும் பிரதி எப்படி இருக்கும்? நூற்றுக்கணக்கான தடவை ஓடி ஓடித் திரை முழுக்கக் கோடுகள் விழுந்திருக்கும். அறுந்த இடங்களில் ஒட்டி ஒட்டி, சில காட்சிகள் காணாமல் போயிருக்கும். நல்ல பாட்டு பாதியில் தாவிவிடும். டூரிங் டாக்கீஸில் பெரும்பாலும் ஒரே ஒரு புரொஜெக்டர் இருக்கும் என்பதால், ரீல் மாற்ற நேரம் வேண்டும். ஆகவே இரண்டு, மூன்று இடைவேளைகள். அந்த நேரத்தில் முறுக்கும் கடலை மிட்டாயும் சோடா கலரும் விற்பனை ஆகும்.

தரை டிக்கெட் வாங்கியவர்கள் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்துகொள்வார்கள். பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் நாற்காலி. சாயங்காலம் கொட்டகையின் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டுக் கேட்டால், சுற்றுவட்டாரத்துக்கு அதுதான் அழைப்பு மணி. டூரிங் டாக்கீஸ் உரிமம் தற்காலிக உரிமம்தான். குறிப்பிட்ட காலம் முடிந்ததும் கொட்டகையைப் பிரித்துவிட வேண்டும்.

இந்தக் கொட்டகையில் ஒரு படம் இரண்டு, மூன்று நாள் ஓடும். ஒரு வாரம் ஓடினால் அது பெரிய வெற்றி. ஆனால் அந்த வெற்றிக்கு ஷீல்டு கிடையாது, செய்தித்தாளில் விளம்பரம் கிடையாது. மலையிலிருந்தும் காட்டிலிருந்தும் இறங்கி வந்து, படம் முடிந்த பிறகு இருட்டில் வெகுதூரம் நடந்து வீடு திரும்பியவர்களின் ரசனை எந்த ஆண்டுப் பட்டியலிலும் ஏறவில்லை. அவர்களும் டிக்கெட் வாங்கியவர்கள்தான். ஆனால் அவர்கள் கொடுத்த காசு போன வருஷத்துப் படத்தின் கணக்கில் சேர்ந்துவிட்டது.

கர்ணன் தோற்றானா?

14 ஜனவரி 1964, பொங்கல். பி. ஆர். பந்துலுவின் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த "கர்ணன்" வெளியானது. ஈஸ்ட்மென் கலர், பெரிய அரண்மனைகள், வடக்கே போய்ப் படம் பிடித்த போர்க்களக் காட்சிகள் என்று அன்றைய கணக்கில் மிகப் பெரிய செலவு. அதே நாளில் எம்.ஜி.ஆர். நடித்த "வேட்டைக்காரன்" கறுப்பு வெள்ளையில் வந்தது. அடுத்த மாதமே, ஸ்ரீதரின் "காதலிக்க நேரமில்லை" வந்து ஊரையே சிரிக்க வைத்து வெள்ளி விழாக் கொண்டாடியது.

1964-ன் கடைசியில் ஒரு பட்டியல் போட்டிருந்தால் "காதலிக்க நேரமில்லை" மேலே இருந்திருக்கும். போட்ட பணத்துக்கு ஏற்ற வசூல் "கர்ணன்" படத்துக்கு வரவில்லை என்பதுதான் அப்போதைய பேச்சு.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பழைய பிரதியைச் சுத்தம் செய்து, ஒலியை மெருகேற்றி, 16 மார்ச் 2012 அன்று "கர்ணன்" படத்தை மறுபடியும் வெளியிட்டார்கள். 48 ஆண்டுகள் கழித்து வந்த அந்தப் படம் சென்னையில் 100 நாளைத் தாண்டி ஓடியது! 1964-ல் பிறந்தே இராத இளைஞர்கள் தாத்தா பாட்டியோடு வரிசையில் நின்றார்கள். தமிழில் பழைய படங்களைப் புதுப்பித்து வெளியிடும் வழக்கம் பெரிதாகக் கிளம்பியது அதற்குப் பிறகுதான்.

அப்படியானால் "கர்ணன்" எந்த ஆண்டின் வெற்றிப்படம்? 1964-ன் படமா, 2012-ன் படமா?

ஒருவர் சொல்லி ஒருவர்

1977-ம் ஆண்டு காவலூருக்கு மறக்க முடியாத ஆண்டு. மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு கடந்தது. அந்த நிகழ்ச்சியைக் காவலூரிலிருந்தும் பதிவு செய்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி சற்று மங்கி மீண்டது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உலகம் தெரிந்துகொண்டது அந்த இரவின் பதிவுகளிலிருந்துதான். விமானத்தில் பறந்தபடி பதிவு செய்த அமெரிக்கக் குழுவோடு காவலூரின் பெயரும் சேர்ந்தே பேசப்பட்டது.

அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று, யாரும் பெரிதாக எதிர்பார்க்காத ஒரு படம் வந்தது. ஸ்டுடியோ செட்டை விட்டுவிட்டு நிஜக் கிராமத்துத் தெருவில் கேமராவை வைத்த "16 வயதினிலே". பாரதிராஜாவுக்கு முதல் படம். கமல்ஹாசன் கோவணத்தோடு சப்பாணியாக வந்தார். ரஜினிகாந்த் வில்லத்தனம் செய்யும் பரட்டையாக வந்தார். ஸ்ரீதேவி மயிலாக வந்தார். வாங்குவதற்கு விநியோகஸ்தர்கள் தயங்கியதால் தயாரிப்பாளர் எஸ். ஏ. ராஜ்கண்ணு தாமே வெளியிட்டார் என்று சொல்வார்கள். படம் வெள்ளி விழா ஓடியது. படங்களுக்கு மார்க் போடும் ஆனந்த விகடன் இதற்கு 62.5 மார்க் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் 62 வாங்கினால் திட்டு விழும், விகடனில் 62 வாங்கினால் சரித்திரம்!

நகரத்து ரசிகர்கள் அந்தப் படத்தில் ஒரு புதுமையைப் பார்த்தார்கள். கிராமத்து ரசிகர்களுக்கோ, தங்கள் தெருவும் தங்கள் பேச்சும் திரையில் வந்தது. அதுவரை சினிமா கிராமம் என்றால் அட்டையில் வரைந்த வயல்தான்.

1980 மே மாதம் வந்த "ஒரு தலை ராகம்" இன்னொரு நல்ல உதாரணம். தெரிந்த நட்சத்திரம் ஒருவரும் இல்லை. மாயவரத்தில் கல்லூரியும் ரயிலுமாக எடுத்த படம். ஆரம்ப நாட்களில் கூட்டம் இல்லை. பிறகு பாட்டுகள் பரவின. பார்த்த மாணவர்கள் பார்க்காத மாணவர்களிடம் சொன்னார்கள். ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்குப் பேச்சுப் போனது. படம் எழுந்து நின்று வெள்ளி விழாவைத் தாண்டியது. இப்போது போல முதல் மூன்று நாள் வசூலை மட்டும் பார்த்திருந்தால், அந்தப் படத்தை நான்காம் நாளே தூக்கியிருப்பார்கள்.

படம் வருவதற்கு முன்பே பாட்டைக் கொண்டு போய்ச் சேர்த்ததில் வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் கேட்டது. தார் ரோடு போகாத ஊருக்கும் பாட்டு போனது. படப்பெட்டி வந்து சேர ஒரு வருஷம் ஆனாலும், பாட்டு மட்டும் அதே வாரத்தில் வந்துவிட்டது.

1989-ல் இந்தக் கிராமத்து ரசனை தன் பலத்தைக் காட்டியது. ஏப்ரல் மாதம் கமல்ஹாசனின் "அபூர்வ சகோதரர்கள்" வந்தது. ஒரு மனிதன் எப்படிக் குள்ளமாக நடித்தான் என்று நாடே வியந்தது. ஜூன் மாதம் கங்கை அமரனின் "கரகாட்டக்காரன்" வந்தது. இதில் வியக்க எதுவும் இல்லை. கரகம், நாதஸ்வரம், ஒரு பழைய கார், இரண்டு வாழைப்பழம், இளையராஜாவின் பாட்டு, அவ்வளவுதான். படம் மதுரையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. கிராமங்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள்.

ஒரே தீபாவளி, இரண்டு படங்கள்

5 நவம்பர் 1991, தீபாவளி. மணிரத்னம் இயக்கத்தில் ரஜினிகாந்தும் மம்மூட்டியும் நடித்த "தளபதி" வந்தது. அதே நாளில் சந்தானபாரதி இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த "குணா" வந்தது. இரண்டுக்கும் இளையராஜாதான் இசை. அந்த ஆண்டின் தீர்ப்பு தெளிவாக இருந்தது. "தளபதி" கொண்டாடப்பட்டது. மனநிலை பிறழ்ந்த ஒருவனின் காதல் கதையான "குணா" தோற்றது.

தோற்ற படம் போகும்போது ஒரு பெயரை விட்டுவிட்டுப் போனது. கொடைக்கானலில் அதுவரை "பிசாசின் சமையலறை" என்ற பொருள்பட ஆங்கிலப் பெயரால் அழைக்கப்பட்ட குகைகளுக்குக் குணா குகை என்று பெயர் ஒட்டிக்கொண்டது. இந்தப் பெயர் பின்னால் என்ன செய்தது என்பதைக் கீழே பார்க்கலாம்.

நாள் கணக்கு போய்க் கோடிக் கணக்கு

1975-ல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படத்துக்காகத் தெருவே ஒரு வீட்டில் கூடியது. 1993-ல் சன் டிவி வந்தது. "திரைக்கு வந்து சில மாதங்களே ஆன" என்ற அறிவிப்பு தமிழ்நாடு முழுக்க மனப்பாடம் ஆனது. சில மாதங்களில் வீட்டுக்கே வரும் படத்துக்காக யார் மணலில் உட்காருவார்கள்? பின்னாலேயே திருட்டு வி.சி.டி.யும் வந்தது. டூரிங் டாக்கீஸ்கள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன. இந்த முறை அவை வேறு ஊரில் முளைக்கவில்லை.

2005-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஏப்ரல் 14 அன்று வெளியான "சந்திரமுகி" சென்னை சாந்தி திரையரங்கில் 890 நாள் ஓடி, "ஹரிதாஸ்" வைத்திருந்த பழைய சாதனையைத் தாண்டியது. சாந்தி திரையரங்கு அப்போது, படத்தைத் தயாரித்த சிவாஜி குடும்பத்துக்கே சொந்தமாக இருந்தது. நாள் கணக்கின் கடைசிப் பெரிய வெற்றி அதுதான்.

இன்னொன்று, சென்னையில் உருவான க்யூப் டிஜிட்டல் முறை திரையரங்குகளுக்குள் நுழைந்தது. ரீல் இல்லை, தகரப் பெட்டி இல்லை, கோடு விழும் பயம் இல்லை. பிரதி எடுக்கும் செலவு குறைந்ததால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் படத்தை வெளியிட முடிந்தது. அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் பிலிம் பெட்டி ஏறக்குறைய மறைந்தே போனது.

இதில் ஒரு நல்லது நடந்தது. சென்னையில் வெளியாகும் அதே வெள்ளிக்கிழமை வாணியம்பாடியிலும் திருப்பத்தூரிலும் புதுப்படம் வந்தது. ஏ, பி, சி என்ற படிகள் அழிந்தன. மலையிலிருந்து இறங்கி வந்தால் அதே நாளில், அதே தெளிவில் பார்க்கலாம்.

ஆனால் அளவுகோல் மாறிவிட்டது. ஆயிரம் திரையில் ஒரே நேரத்தில் வெளியாகும் படம் 100 நாள் ஓடத் தேவையே இல்லை. பார்க்க வேண்டியவர்கள் பத்து நாளில் பார்த்து முடித்துவிடுவார்கள். ஆகவே நாளை எண்ணுவதை விட்டுவிட்டுக் கோடிகளை எண்ணத் தொடங்கினார்கள். அதிலும் முதல் மூன்று நாள் கோடிகள்தான் முக்கியம். படம் பிடித்ததா என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே வாங்கப்பட்ட டிக்கெட்டுகள் அவை! அந்தக் கணக்கு எதிர்பார்ப்பை அளக்கிறது. பிடித்தமானதை அது அளப்பதில்லை.

2020-ல் கொரோனா வந்து மார்ச் முதல் நவம்பர் வரை தமிழ்நாட்டில் திரையரங்குகள் மூடிக் கிடந்தபோது இந்தக் கணக்கும் நின்று போனது. அந்த ஆண்டு மக்கள் அதிகம் பேசிய படங்களில் ஒன்றான "சூரரைப் போற்று" நவம்பர் 12 அன்று நேராக ஓடிடியில் வந்தது. அதற்கு 100 நாளும் இல்லை, வசூல் கோடியும் இல்லை. ஆனால் 2022-ல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

2024-ன் பட்டியல் சொல்லும் செய்தி

2024 தொடங்கியபோது தமிழ்ப் படங்களுக்குச் சோதனைக் காலம். முதல் சில மாதங்கள் திரையரங்குகளைக் காப்பாற்றியவை இரண்டு. ஒன்று, பிப்ரவரி 22 அன்று வந்த மலையாளப் படமான "மஞ்சும்மல் பாய்ஸ்". கொச்சியிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் 2006-ல் குணா குகைக்குள் விழுந்த உண்மைச் சம்பவம். அந்தப் படத்தின் உச்சத்தில் "குணா" படத்தின் பாட்டு வரும்போது தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் விசில் பறந்தது. 1991-ல் கிடைக்காத கைதட்டல் 33 ஆண்டுகள் கழித்து, வேறு மொழிப் படத்தின் வழியாகக் கிடைத்தது.

இன்னொன்று, ஏப்ரல் 20 அன்று மீண்டும் வெளியான "கில்லி". 2004-ல் வந்த படம். கதை தெரியும், வசனம் தெரியும், எந்த இடத்தில் யார் அடி வாங்குவார் என்பதும் தெரியும். தொலைக்காட்சியில் எத்தனையோ தடவை பார்த்தாகிவிட்டது. இருந்தும் அரங்கு நிறைந்தது. புதுப்படத்துக்கு இல்லாத கூட்டம், இருபது வருஷத்துக்கு முந்தைய படத்துக்கு வந்தது.

பிறகு "மகாராஜா", "வாழை", "லப்பர் பந்து", "மெய்யழகன்", "அமரன்" என்று வரிசையாக நல்ல படங்கள் வந்தன. தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படமான "லப்பர் பந்து" படத்தில், கெத்து என்ற நடுவயதுக் கிரிக்கெட் வீரர் மைதானத்துக்கு வரும்போதெல்லாம் விஜயகாந்தின் "பொன்மனச் செல்வன்" படப் பாட்டு ஒலிக்கும். அது 1989-ல் வந்த படம். "கரகாட்டக்காரன்" ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டு! அப்போது பெரிய நகரங்களின் பட்டியலில் முதலிடம் பிடிக்காத ஒரு படத்தின் பாட்டு, ஊர்ப்புறத்து மைதானங்களில் உயிரோடு இருந்தது. 2024-ல் அது தமிழ்நாட்டின் பாட்டாக ஆனது.

"மெய்யழகன்" கதையும் கவனிக்க வேண்டியது. படம் நீளம் என்ற பேச்சு வந்ததும், வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடங்களைக் குறைத்தார்கள். பிறகு ஓடிடியில் வந்ததும், நிதானமாகப் பேசிக்கொண்டே போகும் அந்த இரவு பலருக்குப் பிடித்துப் போனது. தமிழ் தெரியாதவர்கள்கூட எழுதினார்கள். அவசரப்பட்டது ரசிகர்கள் அல்ல, கணக்குப் பார்த்தவர்கள்தான்.

2025 மே 1 அன்றும் இதேதான் நடந்தது. சூர்யாவின் "ரெட்ரோ" வந்த அதே நாளில், பொருளாதார நெருக்கடியால் இலங்கையிலிருந்து படகில் வந்து சென்னையில் ஒளிந்து வாழும் ஒரு குடும்பத்தின் கதையான "டூரிஸ்ட் ஃபேமிலி" வந்தது. முதல் நாள் கூட்டம் பெரிய படத்துக்குத்தான். ஆனால் நாட்கள் போகப் போகச் சின்னப் படத்துக்குக் காட்சிகள் கூடின. "ஒரு தலை ராகம்" நடந்து போன பாதை இன்னும் புல் முளைத்து மூடிப் போகவில்லை.

பட்டியல் எப்போது முடியும்?

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. ஓர் ஆண்டில் எந்தப் படம் அதிகம் விற்றது என்று அந்த ஆண்டிலேயே சொல்லிவிடலாம். எந்தப் படம் பிடித்தது என்று அந்த ஆண்டிலேயே சொல்ல முடிவதில்லை. "கர்ணன்" படத்துக்கு 48 ஆண்டுகள் ஆயின. "குணா" படத்துக்கு 33 ஆண்டுகள் ஆயின. 2003 பொங்கலுக்கு வந்து தோற்ற "அன்பே சிவம்", பின்னால் தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்தே பலருக்குப் பிடித்த படமாக மாறியது. இந்தத் தாமதத் தீர்ப்பைக் கொடுத்தவர்கள் முதல் நாள் முதல் காட்சிக்கு வந்தவர்கள் மட்டும் அல்ல. பிறகு டிவியில் பார்த்தவர்கள், செல்போனில் பார்த்தவர்கள், பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் கொடுத்தார்கள்.

அந்தக் கடைசி வரிசையில்தான் மலைக்கிராமத்து ரசிகரும் எப்போதும் இருந்திருக்கிறார். அன்றைக்கு அவர் சி சென்டர். கோடு விழுந்த பிரதியைப் பார்த்தார். இன்றைக்குத் திரையரங்கு உள்ள ஊருக்குப் போய்வர பஸ் செலவும் டிக்கெட் செலவும் பார்த்தால், சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று செல்போனில் பார்ப்பதே அவருக்கு வசதி. முதல் மூன்று நாள் வசூலில் அவர் இல்லை. டிசம்பர் பட்டியலிலும் இல்லை. ஆனால் ஒரு படம் இருபது வருஷம் கழித்துத் திரும்பி வருகிறது என்றால், அதை அத்தனை காலமும் மறக்காமல் வைத்திருந்தவர்களில் அவரும் ஒருவர்.

காவலூரில் 1988 பிப்ரவரி 17 அன்று ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். கணித மேதை ராமானுஜனின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அந்தக் கோள் அன்றைக்குப் பிறந்ததல்ல. காலம் காலமாகச் சுற்றிக்கொண்டிருந்ததுதான். பொறுமையாகப் பார்த்த ஒருவரின் கண்ணில் அன்றைக்குப் பட்டது, அவ்வளவே.

அடுத்த டிசம்பரில் பத்துப் படங்களின் பட்டியல் வரும்போது, பதினோராவது இடத்தைக் காலியாக விட்டு வைக்கலாம். அதை நிரப்ப வேண்டியவர்கள் இன்னும் படம் பார்த்து முடிக்கவில்லை.